அடுத்த வியாழக்கிழமைக் காய்ச்சல்

நான் சோம்பேறி என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதை இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. சோம்பேறியால் ஒரு நோட்டில் மூன்று மாதம், ஒருநாள் விடாமல், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் பொய் எழுத முடியுமா? அதற்குக் கற்பனை வேண்டும், உழைப்பும் வேண்டும். அந்த உழைப்பில் கால்வாசியை என் மகள் பக்கத்தில் உட்காரச் செலவழித்திருந்தால், ஐம்பது பேர் முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

ஜெனி அப்போது இரண்டாம் வகுப்பு. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பள்ளி. அவளுடைய வகுப்பாசிரியை வசந்தா மிஸ், ஜூன் மாதமே பெற்றோரைக் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு சொன்னார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவரும் வாய்விட்டுப் படிப்பதைத் தினமும் கேட்க ஓர் ஆளால் முடியாது. அதனால் வீட்டில் யாராவது ஒருவர் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கே திக்குகிறது, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டு வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் போகும், மாலை திரும்பி வரும். அவ்வளவுதான்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் குறிஞ்சிப்பாடி தபால் நிலையத்தில் வேலை. காலை எட்டு மணி பஸ்ஸில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். எனக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டு. எந்த ஷிப்டாக இருந்தாலும் பகலில் சில மணி நேரம் வீட்டில் இருப்பவன் நான்தான். எனவே நோட்டு என்னிடம் வந்தது. முதல் வாரம் ஒழுங்காக உட்கார்ந்தேன். (மூன்று நாள். அதை வாரம் என்று சொன்னால் தப்பில்லை.) நான்காம் நாள் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. "நீ போய் விளையாடும்மா, அப்பா எழுதிக்கிறேன்" என்றேன். ஜெனி ஓடிய வேகத்தைப் பார்த்தபோது, ஒரு குழந்தையைச் சந்தோஷப்படுத்திவிட்ட நிறைவு எனக்கு.

அதன்பிறகு என் எழுத்துலக வாழ்க்கை தொடங்கியது. "இன்று குறில் நெடில் தெளிவு." "றகரத்தில் சிறு தயக்கம், திருத்திக்கொண்டாள்." வெறும் பாராட்டாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஒரு தடுமாற்றம், ஒரு வயிற்றுவலி எல்லாம் சேர்ப்பேன். செப்டம்பரில் டபுள் ஷிப்டு பார்க்க வேண்டிய இரண்டு வாரம் வந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு வாரத்தையும் தேதி போட்டு, கையெழுத்தோடு ஒரே மூச்சில் முடித்தேன். எழுந்தபோது என்மேல் எனக்கே மரியாதை வந்தது.

அந்த இரண்டில் முதல் வாரத்தின் வெள்ளிக்கிழமை ஜெனியின் டைரியில் வசந்தா மிஸ் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். மறுநாள் பெற்றோர் கூட்டம். இரண்டு வீட்டு நோட்டுகளை மற்றவர்களுக்கு உதாரணமாகப் படித்துக் காட்டப்போகிறார், அதில் ஒன்று எங்களுடையது, பெற்றோர் இருவரும் வந்தால் நல்லது.

ஸ்டெல்லா அதை மூன்று முறை படித்தாள். "நான் உங்கள என்னமோன்னு நெனச்சுட்டேங்க" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதில்லை. நோட்டைக் கூட்டத்துக்காக மிஸ் பள்ளியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதில் அடுத்த ஒன்பது நாட்கள் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தன.

ஸ்டெல்லா பக்கத்து வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனதும் ஜெனியைக் கூப்பிட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். அணிலும் குடையும் வரும் ஒரு கதை. நோட்டின்படி அதை அவள் நான்கு முறை தங்குதடையின்றி வாசித்திருந்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஒரு ஊருல ஒரு அணில் இருந்துச்சு" என்றாள். புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. முதல் சொல்லில் விரலை வைத்துப் படிக்கச் சொன்னேன். "ம... ழ..." என்று நின்றுவிட்டாள். அடுத்த எழுத்தில் அவள் விரல் நகரவே இல்லை.

பயம் அப்போதுதான் இடம் மாறியது. அதுவரை நான் மாட்டிக்கொள்வதைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, நாளைக்கு மிஸ் என்னப் படிக்கச் சொல்வாங்களா?"

சொல்ல மாட்டார் என்றேன். சொல்லியபடியே, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த முதல் பக்கத்தை நான் வாசிக்க, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். பத்து முறை. ஸ்டெல்லா திரும்பி வந்தபோது அப்பாவும் மகளும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் முட்டை பொரித்தாள். அதை ஜெனியின் தட்டுக்கு மாற்றினேன்.

கூட்டம் பத்து மணிக்கு. நாற்காலி போட உதவப்போகிறேன் என்று சொல்லி நான் ஒன்பதுக்கே போய்விட்டேன். திட்டம் எளிது. நோட்டை எடுக்க வேண்டும், கடைசி இரண்டு தாளைக் கிழிக்க வேண்டும், வைத்துவிட வேண்டும். நோட்டு மேசைமேல்தான் இருந்தது. அதன்மேல் வசந்தா மிஸ்ஸின் முழங்கை இருந்தது. நான் நாற்காலி போட்டேன். முழங்கை நகரவில்லை. எல்லா நாற்காலிகளையும் போட்டு முடித்து, வரிசை கோணல் என்று நானே சொல்லி, மறுபடியும் போட்டேன். "உங்கள மாதிரி பேரண்ட்ஸ் இருந்தா எங்களுக்கு என்ன சார் கவல" என்றார் மிஸ். கடைசியில் கரும்பலகையில் எழுத அவர் திரும்ப, நான் கை நீட்ட, விரல் அட்டையில் பட்டுவிட்டது. "டீ எடுத்துக்குங்க சார்" என்று பள்ளி ஆயாம்மா அதே கையில் டம்ளரைத் திணித்தார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் எடுத்தது இன்னொரு நோட்டு. அது செல்வி என்ற அம்மாவுடையது. பக்கத்துக் கிராமம், புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அந்த நோட்டில் எழுத்தே இல்லை. சில நாட்களில் ஒரு வட்டம், சில நாட்களில் பாதி வட்டம், பல நாட்கள் காலி. மிஸ் கேட்டதும் செல்வி கூச்சத்தோடு எழுந்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எம் புள்ள படிச்சிக்கினு இருப்பான், நான் கேட்டுக்கினு இருப்பேன். நிக்காம படிச்சா முழுசா போடுவேன். நின்னு நின்னு படிச்சா பாதி. நடவு வேலைக்குப் போன அன்னிக்குப் போடலங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். எதற்கு இதை உதாரணமாகக் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். (ஆமாம், அந்த நிலைமையிலும் அப்படித்தான் நினைத்தேன்.)

அடுத்தது என் நோட்டு. மிஸ் ரசித்துப் படித்தார். றகரத் தயக்கத்துக்குத் தலைகள் ஆடின. ஸ்டெல்லா பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "மின்வெட்டு காரணமாக எமர்ஜென்சி விளக்கில் வாசித்தாள்" என்று வந்தபோது பின்வரிசையில் ஒருவர், "நம்ம டவுன்ஷிப்ல கரன்ட் எப்பங்க போச்சு?" என்று பக்கத்தில் விசாரித்தார். ஊருக்கெல்லாம் மின்சாரம் செய்து அனுப்பும் இடத்தில் உட்கார்ந்து மின்வெட்டு என்று எழுதிய புத்திசாலி நான். சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன்.

பிறகு மிஸ், ஜெனியை அழைத்து அணில் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவள் விரித்தாள். கணீரென்று, ஓர் இடத்திலும் நிற்காமல் முதல் பக்கத்தைச் சொல்லி முடித்தாள். கூடம் கைதட்டியது. மிஸ் தட்டவில்லை. அவர் ஜெனிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் விரித்து வைத்திருந்தது ஐந்தாம் பக்கம்.

அவர் நோட்டை மறுபடி எடுத்துக் கடைசியாக எழுதிய பக்கத்துக்குப் போனார். போய்க்கொண்டே இருந்தார். ஒரு தாள், இன்னொரு தாள். அங்கே நின்று, மெதுவாக என்னைப் பார்த்தார்.

"சார், அடுத்த வியாழக்கிழமை ஜெனிக்குக் காய்ச்சல் வருமா?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் கூடத்தில் அந்த நேரம் வேறு சத்தமே இல்லை. தேதி மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்குக் காய்ச்சல் இல்ல மிஸ்" என்றாள் ஜெனி. தான் என்னவோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அவள் உதடு பிதுங்கியது. புத்தகத்தை இன்னும் ஐந்தாம் பக்கத்திலேயே பிடித்திருந்தாள்.

நான் எழுந்தேன். "மிஸ், அவமேல தப்பு இல்ல. அவளுக்கு இன்னும் படிக்க வரல. நான் உக்காந்து கேக்கவே இல்ல. எல்லாம் நானா எழுதினது."

இதைச் சொல்லி முடித்தபின் உட்கார வேண்டுமா, நிற்க வேண்டுமா, வெளியே போக வேண்டுமா என்று தெரியவில்லை. நின்றேன். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள். யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். முன்வரிசையில் இரண்டு அப்பாக்கள் தங்கள் காலடியை ஆராய்ந்தார்கள். செல்விதான் எழுந்து போய் ஜெனியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் வசந்தா மிஸ் எங்களை நிறுத்தினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மதியம் அரைமணி தனியாகச் சொல்லித் தருவாராம். யாரைச் சேர்ப்பது என்பதற்கு வீட்டுக் குறிப்புகளையும் பார்ப்பார். "வகுப்புல அவ வாயே தொறக்க மாட்டா. கூச்சம்னு நெனச்சேன். நீங்க எழுதினத நம்பி ஜூலைலயே லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துட்டேன் சார்" என்றார். பாதி வட்டம் போட்ட செல்வியின் மகன் அந்த லிஸ்டில் இருந்தான். இப்போது முழு வட்டம் வாங்குகிறான்.

ஸ்டெல்லா வீடு வரை என் வண்டியில் ஏறவில்லை. ஜெனியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை ஜெனி அந்த மதியக் குழுவில் சேர்ந்தாள். எனக்கும் தண்டனை உண்டு. வார நடுவில் எனக்கு விழும் ஓய்வு நாளில் நான் வந்து, அந்தக் குழுவில் ஐந்து பிள்ளைகள் படிப்பதைக் கேட்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்து, ஒரு பிள்ளை 'மழை' என்ற சொல்லைப் பிடிக்க எவ்வளவு நேரம் போராடுகிறது என்று முதல்முறையாகக் கேட்டேன். வீட்டு நோட்டில் மிஸ் வரிக்கு வரி இன்னொரு கட்டமும் போட்டுக் கொடுத்தார். அதை ஜெனி நிரப்ப வேண்டும், அப்பா கேட்டாரா இல்லையா என்று. முதல் மாதம் வெறும் டிக். பொங்கல் சமயத்தில் கோணல் எழுத்தில் ஒரு வரி வந்தது: "அப்பா தூங்கி விட்டார். நான் எழுப்பி படித்தேன்." அவள் சொந்தமாக எழுதிய முதல் வாக்கியம் அதுதான். ஸ்டெல்லா அதைப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைச் செய்துவிட்டேன் என்றாலும், "செஞ்சாச்சா, இல்ல எழுதியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கேஸ் புக் செய்தாலும் இதுதான், சுகர் மாத்திரை போட்டாலும் இதுதான். என் மச்சினன் கல்யாணத்தில் மொய் எழுதும் இடத்தில் என்னை உட்கார விடவில்லை.

ஜெனி இப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன்.

"அடுத்த சனிக்கிழம வரைக்கும் சாப்ட்டாச்சுப்பா" என்றாள்.