பல்கனிப் போடியார்

கல்முனைப் பக்கத்தில் புதிதாக ஒரு போடியார் இனம் தோன்றியிருக்கிறது, கவனித்தீர்களோ தெரியாது. போடியார் என்றால் வயலும் மாடும் நிறைந்த பெரிய நிலக்காரர்; இவருக்கோ வயல் கிடையாது, வரம்பு கிடையாது, மாடு கிடையாது. கடைத்தெருவில் சீலைக்கடைக்கு மேலே ஒரு வாடகை வீடு, அந்த வீட்டுக்கு முன்னால் பாயை விரித்தால் மூலை மடியும் அளவுக்கு ஒரு பல்கனி, பல்கனியில் ஒன்பது தகரம். ஆதனம் இவ்வளவுதான். ஆனால் கதையைக் கேட்டால், மாவடிப்பள்ளி வயல் முழுவதும் இவர் கண்ணசைத்த பிறகுதான் தண்ணீர் குடிக்கிறது என்று நினைப்பீர்கள்.

இவரை அடையாளம் காண்பது எப்படி? சாரனை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருப்பார், பிஸ்கட் தகரத்துக்குள் இறங்கி உழப்போகிறவரைப் போல. சலாத்துக்குப் பதில் சொல்லுமுன் வானத்தைப் பார்ப்பார். "மழை காணாது" என்பார். நனைந்த குடையோடு வந்தவனிடமும் அதைத்தான் சொல்வார்.

நம்முடைய ஜவுபரையே எடுத்துக்கொள்ளுங்கள். கந்தோரில் கிளாக்கர். அவருடைய வாப்பாவின் வாப்பாவுக்கு வயல் இருந்தது. அதில் ஜவுபரின் பங்குக்கு வந்தது பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சை முதலாக வைத்து, மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு சாக்குச் சேற்றை பஸ்ஸில் ஏற்றி, கொண்டக்டரின் ஏச்சையும் கூடவே ஏற்றி, பால்மாப் பேணி, பெயின்ற் வாளி, பிஸ்கட் தகரம் என்று அகப்பட்டதையெல்லாம் நிரப்பித் தக்காளி விதைத்தார்.

பக்கத்துப் பல்கனியில் ஞானராணி டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"அடியில ஓட்டை போடல்லியா ஜவுபர்?"

"என்ன டீச்சர் கதைக்கிறீங்க! தண்ணி நிக்காத வயல் ஒரு வயலா? நாங்க மூணு தலைமுறையா வேளாண்மைக்காரர்."

டீச்சர் ஓட்டை விழுந்த பழைய சட்டியில் நின்ற கொச்சிச் செடியில் நாலு மிளகாய் பறித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். தினமும் அப்படித்தான். வாய் திறக்காமல் காய் பறிக்கிறவர்கள் போடியாராவது எப்படி?

ஜவுபர் வாளி வாளியாக ஊற்றினார். எட்டுத் தகரத்தில் நாற்று மிதந்தது, அழுகியது, நாறியது. விதை சரியில்லை என்றார். பசளை கலப்படம் என்றார். டீச்சரின் கண்ணூறு என்றார். ஒன்பதாவது தகரத்தில் மட்டும் ஒல்லியாக, நெட்டையாக ஏதோ நின்றது.

"இஞ்சாருங்க, இது என்ன?" என்றாள் மனைவி சுபைறா.

"வெளிநாட்டு வெங்காயம். அபூதாபியில இப்ப இதுதான்."

சுபைறாவின் கவலை வெங்காயமல்ல. கீழ்க்கடை முதலாளி அதாவுல்லா ஹாஜியார்தான் வீட்டுக்கும் சொந்தக்காரர். "மேல இருந்து ஒரு சொட்டு என்ட சீலையில விழுந்தா, வீட்ட விட்டுரணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சுபைறாவின் சீதன வீடோ இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. இதை விட்டால் மூன்று பிள்ளைகளோடு மூத்த சகோதரி வீட்டு விறாந்தைதான்.

நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் ஜவுபருக்கு ஞானம் பிறந்தது. தகரத்துக்கு அடியில் ஓட்டை வேண்டும்! யாரும் சொல்லித் தராமல், தானாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆணியும் சுத்தியலுமாகக் குந்தி, எட்டுத் தகரத்திலும் ஒரே மூச்சில் அடித்தார். மூன்று மாதத்துத் தண்ணீர், கறுத்து நாறி, பல்கனி விளிம்பால் வழிந்து, கடை வாசலில் தொங்கிய பெருநாள் சீலைகளில் நிதானமாக இறங்கியது.

ஹாஜியார் படியேறி வந்தார். தோளில் சேறு சொட்டும் ஒரு சீலை.

"ஜவுபர்! சாமானக் கட்டு. நாளைக்கு லொறி வரும்."

வேறு மனிதனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். போடியார் கேட்பாரா?

"ஹாஜியார், பயிர் நிக்கிற காணிய விட்டு செய்கைக்காரன எழுப்ப ஏலா. அது ஊர்முறை."

"பயிரா? எங்க காட்டு பயிர!"

ஜவுபர் திரும்பினார். எட்டுத் தகரமும் வாய் பிளந்து கிடந்தன. சுபைறா சத்தமில்லாமல் ஒன்பதாவது தகரத்தைக் காலால் முன்னே தள்ளிவிட்டாள்.

ஹாஜியார் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். அந்தச் சீலைக்கடையே அவர் தன் வயலை விற்ற காசில் எழும்பியது.

"நெல்லெலுவா இது! கதிர் வந்திட்டு!"

"இல்ல ஹாஜியார், இது வெங்கா—"

சுபைறா அவருடைய காலை மிதித்தாள். "ஓம் ஹாஜியார், நெல்லுதான். சேத்தோட வந்த விதை."

ஹாஜியார் தோளிலிருந்த சீலையைக் கம்பியில் போட்டார். "சரி. அறுவடை முடியிற மட்டும் இரிங்க" என்று சொல்லி இறங்கினார்.

இது நடந்தது போன வருசம். அறுவடை இன்னும் முடியவில்லை. உதிர்ந்த மணிகளைச் சுபைறா யாருக்கும் தெரியாமல் அதே சேற்றில் புதைத்துவிடுகிறாள். பின்னேரங்களில் ஹாஜியார் ஏறி வந்து, சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தகரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, "இன்னும் பழுக்கல்ல" என்கிறார். "ஓம், பழுக்கல்ல" என்கிறார் ஜவுபர். பிறகு இருவரும் சேர்ந்து டீச்சரின் கொச்சிச் செடியில் என்ன குறை என்று கதைக்கிறார்கள்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அது சரி, உங்கள் வீட்டில் அந்த வெறும் பால்மாப் பேணியை எறியவிடாமல் வைத்திருக்கிறீர்களாமே, எதற்கு? என்னைப் பார்த்துச் சொல்லுங்கள், வானத்தைப் பார்க்காதீர்கள்.