உம்மா விட்ட இரண்டு சொட்டு எண்ணெய்

கலை புரியாதவர்களைக் கண்டு கலைஞர்கள் பயப்பட வேண்டியதில்லை. உதவி செய்ய வருகிற சொந்தக்காரர்களைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

அப்போது நான் மும்பையில் சிற்பம் படித்துக்கொண்டிருந்தேன். செம்பூரில் சிற்ப மாணவர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஒரு ஷெட் பிடித்து வேலை செய்துவந்தார்கள். நம் சிற்பத்தைக் காட்டி, அது அவர்களுக்குப் பிடித்துப்போனால், ஷெட்டில் ஒரு மூலை கிடைக்கும். அந்த மூலைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறையின் பரணில்தான் என் வேலையெல்லாம். அங்கே நிமிர்ந்தால் தலை இடிக்கும். (குனிந்தே பழகியதால் காலேஜில் என்னை ரொம்பப் பணிவான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.)

நான் செய்தது அசையும் சிற்பம். ஒரு பழைய சைக்கிள் சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிப் பஞ்சு அடைத்த தோல் கைகள். தையல் மெஷின் மோட்டார் ஒன்று பெல்ட் போட்டு அதைச் சுழற்றும். லோக்கல் ட்ரெயினில் கைப்பிடியைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு கையாக எழும்பி, தவித்து, இறங்கும். பெயர் ‘காத்திருப்பு’. இரண்டு பக்கத்துக்கு விளக்கம் வேறு எழுதியிருந்தேன். (இப்போது படித்தால் எனக்கே புரியாது.) மோட்டாரின் வேகத்தைக் குறைக்க எனக்குத் தெரியாது. அச்சு துருப்பிடித்து இறுகியிருந்ததால் சக்கரம் தானாகவே மெதுவாகச் சுற்றியது. உண்மையைச் சொன்னால், அந்தத் துருதான் என் கலை.

சிற்பத்தைக் காட்டப் போன அன்று துணைக்கு உம்மா வந்தார். பட்டறையில் பை தைப்பவர். காலையில் எண்ணெய் விடாமல் எந்த மெஷினையும் யாரையும் ஓட்ட விடமாட்டார். எண்ணெய்க் குப்பி அவர் கைப்பையிலேயே இருக்கும்.

ஷெட்டில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். குழுத் தலைவி ஸ்நேகா முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். “மனித இருப்பின் முடிவற்ற தாமதம்...” என்று தொடங்கி இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

தாமதம் எதையும் காணோம். கைகளெல்லாம் விறைத்துக்கொண்டு விர்ரென்று சுழன்றன. ஒன்று பிய்ந்துபோய் ஸ்நேகாவின் கன்னத்தில் பளாரென்று அறைந்தது. இன்னொன்று டீ ட்ரேயில் விழுந்தது. நான் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சக்கரம் நிற்கிற வழியாக இல்லை.

“உம்மா, என்ன செஞ்சீங்க?”

“நீ பிளக் பாயிண்ட் தேடிப் போனப்ப ரெண்டு சொட்டு எண்ணெ விட்டேன்ட்டி. அச்சு அப்படிக் காஞ்சு கெடக்கு. பாக்கவங்க உன்னய வேல தெரியாத புள்ளன்னு சொல்லிரக் கூடாதுல்லா.”

என் மானத்தைக் காப்பாற்றத்தான் விட்டிருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. மூலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே டீ ட்ரேயில் கிடந்த கையை எடுத்துத் துடைத்தேன்.

ஸ்நேகா கன்னத்தைத் தடவிக்கொண்டே உம்மாவைப் பார்த்தாள். “ஆன்ட்டி, யே தோ தாதர் ஹை” என்றாள். இது தாதரேதான் என்கிறாள். காலை நேரத்து தாதர் ஸ்டேஷனில் கைகள் அப்படித்தான் வந்து விழும். பிறகு ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள்.

சிற்பத்தின் பெயர் ‘தாதர்’ ஆயிற்று. மூலையும் கிடைத்தது. வீட்டில்தான் நிம்மதி போயிற்று. நான் கொஞ்சம் கனமாகப் பேச ஆரம்பித்தால் போதும், “எண்ணெ விடட்டா?” என்று வாப்பாவிலிருந்து தம்பி வரை எல்லாரும் கேட்கிறார்கள்.

போன மாதம் என் கண்காட்சித் திறப்பில் மைக்கைப் பிடித்து, “மனித இருப்பு...” என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் உம்மா கைப்பையைத் திறந்தார்.

நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.