மேல்லயத்துக் காலி வீடும் ஏகமனதான தீர்மானமும்

உ
மாரியம்மன் துணை

மேல்லயம், கேமரன் மலை.
ஆண்டு 2603. (ஜப்பான்காரன் கணக்கில் இப்படித்தான் போட வேண்டும் என்று உத்தரவு. உங்களுக்கும் எனக்கும் 1943.)

தாப்பாவில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை ராமையா அவர்களுக்கும், என் தங்கை சாரதாவுக்கும், பிள்ளைகளுக்கும் தோட்டக் கமிட்டித் தலைவர் மாடசாமி எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டுக்காரி தங்கம்மா, பால் வற்றிய பசு மூவரும் சுகம். அங்கே நீங்கள் எல்லோரும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல், அரை வயிறாவது நிறைந்து இருக்க அம்மனைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். சாரதாவின் இருமல் நின்றதா? மழையில் நனைய வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். காகிதம் எங்கும் கிடைக்கவில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற தாள் ஒன்றைக் கிழித்து எழுதுகிறேன். இது ஒன்றுதான் இருந்தது, அதனால் எழுத்து நுணுக்கமாக இருந்தால் கோபிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை, திரிங்காப்பிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி ஏற்றும் லோரியை ஓட்டும் தோமஸ் கொண்டுவந்து கொடுத்தான். அங்கே அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிறது என்றும், போனவர் யாரும் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க வண்டி வரும்போதெல்லாம் உங்கள் மூத்தவன் வாழைத் தோப்பில் போய் ஒளிந்துகொள்கிறான் என்றும், இந்த மலையில் கிழங்கு போடுகிற தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரன் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டதாகவும், லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் வீட்டில் வந்து தங்கிக்கொள்ளலாமா மச்சான் என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் பதில் சொல்வதற்கு முன், நீங்கள் யாரிடம் கேட்டிருக்கிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கேட்டது மச்சானிடம். மச்சான் இப்போது தலைவர். என் கல்யாணத்தில் இந்த ஆளுக்கு ஆட்டை எந்தக் கம்பத்தில் கட்டுவது என்றுகூட முடிவு பண்ணத் தெரியாது என்று சபையில் வைத்துச் சொன்னவர் நீங்கள். நான் அதை மறந்துவிட்டேன், சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

தலைவர் ஆன விதம் இதுதான். வெள்ளைக்காரத் துரை பெட்டி படுக்கையோடு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போன பிறகு, தானா ராத்தாவிலிருந்து ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, இனிமேல் தோட்டத்துக் காரியங்களை நீங்களே கமிட்டி வைத்து முடிவு செய்யுங்கள், யார் பொறுப்பு எடுப்பது, முன்னால் வரலாம் என்று துபாஷி மூலமாகக் கேட்டார். கத்தியை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிக் கேட்டால் கால் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கணக்கு எழுதும் கிராணி டொனால்ட் உட்பட அத்தனை பேரும் பின்னால் போனார்கள். நான் போகவில்லை. அந்த நேரத்தில் நான் குனிந்து கணுக்காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்று கருப்பையா கங்காணி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அட்டை இருந்தது உண்மை. ஆனால் அட்டை எல்லார் காலிலும்தான் இருந்தது, நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் நின்றது நான் ஒருவன்தானே! அதிகாரி என் தோளில் தட்டினார். தங்கம்மா அன்று முழுக்க அழுதாள், சந்தோஷத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் கமிட்டி தேயிலை ஸ்டோர் மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் கூடும். எண்ணெய் இல்லாமல் எஞ்சின் நின்றுபோனதால் அங்கே சத்தம் கிடையாது, நாங்கள் போடுகிற சத்தம்தான். டொனால்ட் செயலாளர். கருப்பையா எதிர்க்கருத்து. மற்றவர்கள் தலையாட்ட. முதல் கூட்டத்தில் பாதி யார் எங்கே உட்காருவது என்பதிலேயே போய்விட்டது, துரையின் சாய்வு நாற்காலியில் தலைவர் உட்காருவது என்று முடிவாகி நான் உட்கார்ந்தேன், அது சாய்ந்த சாய்வில் எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது, யார் பேசுகிறார்கள் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் சரி என்றேன், அன்றைக்குப் போட்ட தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. அடுத்து தண்ணீர்க் குழாய்த் தீர்மானம். மேல்லயத்துக்குக் காலையில், கீழ்லயத்துக்குச் சாயந்திரம் என்று வகுத்துக் கொடுத்தோம். பெண்கள் முன்போலவே யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வந்து பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று ஊர்க்கதையும் பேசுகிறார்கள். இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான், குழாய்க்கு மேலே தகரத்தில் எழுதி மாட்டியிருக்கிறது. அவர்களுக்குத்தான் படிக்கத் தெரியாது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். வடக்குச் சரிவில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு சர்க்கரைவள்ளி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. போட்டோம். கொடி படர்ந்து, துளிர் பளபளவென்று வந்தபோது எங்களுக்குக் கை அரித்தது, மாப்பிள்ளை. பிறந்ததிலிருந்து கொழுந்து பார்த்த ஆட்கள் நாங்கள். துளிர் விட்டதைக் கிள்ளாமல் விட்டால் ராத்தூக்கம் வருமா? வாராவாரம் ரவுண்டு போட்டு கொழுந்து எடுப்பது போலவே எடுக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது, பெண்கள் கூடையைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்தார்கள், நான் மட்டக் கம்பை வைத்து உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். கொடியை எப்படி மட்டம் பார்ப்பது என்று கேட்பீர்கள். பார்த்தோம். பகாங் சீமையிலேயே இவ்வளவு சீரான சர்க்கரைவள்ளி மலையை யாரும் கண்டிருக்க மாட்டார்கள், பாய் விரித்தது மாதிரி இருந்தது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி மரியாதை செய்தார். பிறகு தோண்டச் சொன்னார். தோண்டினோம். ஒவ்வொரு கிழங்கும் என் சுண்டுவிரல் பருமன். தழையை இப்படிக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிழங்கு இறங்காது என்பது தேயிலைக்காரனுக்கு எப்படித் தெரியும்? தேயிலைக்கு அடியில் நாம் என்றைக்காவது தோண்டிப் பார்த்திருக்கிறோமா? அதிகாரி என்னை அறைந்தார். கமிட்டியில் அத்தனை பேர் நின்றும் வேறு ஒருவரையும் அவர் தொடவில்லை. பொறுப்பு யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கன்னம் வீங்கியபடியே நான் லயத்துக்குத் திரும்பியபோது கருப்பையாகூட எழுந்து நின்றார்.

அதன்பிறகு லயத்தில் கீரை இருந்தது, கிழங்கு இல்லை. இருப்பதை இருக்கிற வாய்களுக்குப் பங்கிட்டால்தான் அடுத்த கிழங்கு வரும்வரை தாங்கும். அதனால் நானே முன்மொழிந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: வெளியூர் ஆள் யாருக்கும், எவர் சொந்தமானாலும், லயத்தில் வீடு கிடையாது. அந்த வாரமே கருப்பையாவின் மனைவி செல்லத்தின் அண்ணன் தாப்பாவிலிருந்து ஒரு மூட்டையோடு லோரியில் வந்து இறங்கினான். கருப்பையா என்னிடம் வந்து, "அண்ணே, இந்த ஒரு தடவ மட்டும் கண்டுக்காம விட்டுருங்களேன்" என்றார். அதுவரை அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது கிடையாது. ஆனால் தலைவர் என்பவர் நாற்காலி இல்லை, எல்லார் உடம்புக்கும் ஏற்றபடி சாய்வதற்கு. முடியாது என்றேன். அவன் அதே லோரியில் திரும்பிப் போனான். அன்றிலிருந்துதான் கமிட்டி சொன்னால் சொன்னதுதான் என்ற பெயர் எங்களுக்கு வந்தது. இந்த மலையில் வேறு எந்தத் தோட்டத்துக் கமிட்டிக்கும் அந்தப் பெயர் கிடையாது.

இப்படி இருக்கும்போது உங்கள் கடிதம் வருகிறது. நான் அதை ஒளிக்கவில்லை, மாப்பிள்ளை. கூட்டத்தில் நானே எழுந்து நின்று, வாழைத் தோப்பு வரைக்கும் ஒரு வரி விடாமல் உரக்க வாசித்தேன். வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். டொனால்ட்தான் முதலில், "ஒங்க சொந்தத் தங்கச்சி லா, தலைவரே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். கருப்பையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சொன்னேன்: தீர்மானத்தில் எவர் சொந்தமானாலும் என்று இருக்கிறது, தலைவர் சொந்தம் நீங்கலாக என்று இல்லை. கையை முதலில் தூக்கியது நான். பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அடுப்பே இல்லாத அந்த மாடியில் புகை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் கண் எரிந்தது.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தின் மூலம் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், காலி வீடு தங்களுக்கு இல்லை. வருத்தம் வேண்டாம். பெருமைப்படுங்கள். உங்கள் மச்சான் ஒரு பதவியில் உட்கார்ந்து, சொந்த ரத்தத்துக்கும் ஊராருக்கும் ஒரே நியாயம் சொல்லியிருக்கிறான் என்று தாப்பா முழுக்கச் சொல்லுங்கள். மூத்தவனை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள். தோப்பில் பாம்பு இருக்கும். சாரதாவுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருந்து, நல்ல காலம் திரும்பியதும் ஒரு பொங்கலுக்காவது ஒரே பந்தியில் உட்கார அம்மன் வழி செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
மாடசாமி
தலைவர், தோட்டக் கமிட்டி

பின்குறிப்பு:

மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறதே என்று தங்கம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவள் எழுந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். தண்ணீர் கொண்டுவரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காலி வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே லயத்துப் பெண்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். மருத்துவச்சி ஆரோக்கியம்மாள் ஒட்டடை அடிக்கிறாள், தங்கம்மா தரை மெழுகுகிறாள், கருப்பையாவின் மனைவி செல்லம் அடுப்புக்கு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருக்கிறாள். நெருப்புப் பெட்டி எங்கே இருக்கிறது இந்தக் காலத்தில்? தன் வீட்டு அடுப்பிலிருந்து கொட்டாங்கச்சியில் கங்கு எடுத்து வந்திருக்கிறாள்.

இது கமிட்டித் தீர்மானத்துக்கு விரோதம் என்றேன். ஆரோக்கியம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை. "நீங்க மாடியில முடிவு பண்ணுங்க தலைவரே, யாரு வேணாம்னா? நாங்க அடுப்பு பத்த வச்சாச்சு. எரியுற அடுப்புல தண்ணி ஊத்துற ஆம்பள யாரு, வரச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். அடுத்தவர் வீட்டில் எரிகிற அடுப்பை அணைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கே தெரியும், அம்மன் சந்நிதியில் நிற்க முடியாது. அடுப்பு எரிந்துவிட்டால் அது காலி வீடும் இல்லை.

நான் செல்லத்தைப் பார்த்தேன். நீயுமா என்று கேட்டேன். அவள் ஊதுவதை நிறுத்திவிட்டு, "எங்கண்ணன் போன லோரி வளைவு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். கீழ இறங்கின எடத்துலேயே புடிச்சு சயாமுக்கு ஏத்திட்டாங்களாம். தோமஸ் சொல்லித்தான் தெரியும். சாரதாக்கா மகனாவது அடுப்படியில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து ஊதினாள். எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. அவன் எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே நான் அவனைத் திருப்பி அனுப்பியதைப் பெருமையாக எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? அழிக்கலாம் என்றால் இந்தத் தாளில் மை ஊறிவிட்டது.

நான் வெளியே வந்தபோது கருப்பையா ஒரு கட்டு விறகோடு வாசலில் நின்றார். பாதிக் கட்டை நான் வாங்கி உள்ளே வைத்தேன். டொனால்ட் வந்து, "இத எப்படி தலைவரே எழுதுறது?" என்று கேட்டார். ஏகமனதாக என்று எழுதச் சொன்னேன்.

தோமஸ் கீழே ஹாரன் அடிக்கிறான், கடிதத்தைத் திரும்ப எழுத நேரமும் இல்லை, வேறு தாளும் இல்லை. அடுத்த தடவை அவன் மேலே வரும்போது அதே லோரியில் எல்லோரும் கிளம்பி வாருங்கள். மூத்தவனைக் காலிக் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார வையுங்கள், தோமஸிடம் சொல்லிவிடுகிறேன். கிடைத்தால் உப்பு கொண்டுவரவும். தலைவர் பதவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாரும் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று. சாரதாவுக்குப் படிக்கத் தெரியாது, நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள். இருமலைப் பற்றி விசாரித்த இடம் வரைக்கும் வாசியுங்கள். பிறகு நேராக, வாருங்கள் என்று எழுதியிருக்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள். நடுவில் உள்ளது அவளுக்கு வேண்டாம். அவள் அண்ணன் முதலில் என்ன பதில் எழுதினான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம், மாப்பிள்ளை.