கண்ணாடிக்காரர் பெய்ய வைத்த பனி

இந்தச் சனிக்கிழமை வானத்தை ஏவிவிட்டாவது மனைவியை ஜெயிப்பது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார்.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். கடையில் கண் பார்ப்பார்; வீட்டில் கதை நடத்துவார். சனிக்கிழமை மதியம் கடையை அடைத்ததும் சாப்பாட்டு மேஜை ஒரு மாய ராஜ்யமாகிவிடும். வரைபடத்தை விரித்து, "நீங்க இப்போ காட்டுக்குள்ள நுழையறீங்க" என்று ஆரம்பிப்பார். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா, பல்லை இளித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். மேல்மாடிப் பல் டாக்டர் மந்திரவாதி. மச்சான் வில்லாளி. மனைவி படைத்தலைவி.

தொல்லை அங்கேதான். அந்த அம்மாளுக்குப் பேருந்து டிப்போவில் வேலை. எந்த வண்டி எந்த வழியில் போகும் என்று முடிவு செய்கிற நாற்காலி. டிப்போவில் 'ரூட்டம்மா' என்றால்தான் தெரியும். கண்ணாடிக்காரர் பாலத்தை உடைத்தால் ரூட்டம்மா படகில் வருவார். சுரங்கத்தை மூடினால் கூரையைப் பிரித்துக்கொண்டு வருவார். பூதத்தைக் குறுக்கே நிறுத்தினால், அந்தப் பூதத்தின் தலையிலேயே மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவார். மூன்று வருஷமாக இப்படித்தான். பெற்ற பிள்ளையைப் போலக் கண்ணாடிக்காரர் வளர்த்த வில்லன் கருந்தாடி மன்னனிடம் இப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோட்டை.

போன வாரம் ரூட்டம்மா அதற்கும் பந்தயம் கட்டிவிட்டார்.

"கோட்டையைப் பிடிச்சா அந்தப் பின்பக்க ரூம் எனக்கு. தையல் மெஷின் போடணும்."

"பிடிக்கலைன்னா?"

"உங்க விளையாட்டுக்கே வச்சுக்கோங்க. மேப்பு, பொம்மை, பகடை எல்லாம் அங்கேயே சிதறிக் கிடக்கட்டும். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

ரூட்டம்மா ஒரு வார்த்தை கேட்காத அறை! கண்ணாடிக்காரருக்கு மெய் சிலிர்த்தது.

வழி காட்டியது பல் டாக்டர்தான், அதுவும் தெரியாமல். "சார், உங்க ராஜ்யத்துல மழையே கிடையாதா? மூணு வருஷமா வெயில்லயே நடக்க விடறீங்க. என் மந்திரவாதி கருத்துட்டான்" என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டரில் துழாவி, இதற்கென்றே ஒரு மென்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார். கற்பனை தேசம் எப்படிப்பட்டது, மலையா சமவெளியா, என்ன மாதம் என்று சொல்லிவிட்டால் போதும். பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினால் அன்றைய வானிலை வந்து விழும். காற்று, மழை, மூடுபனி, இடி, எல்லாம் சுடச்சுட. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் ஒருவரை எழுத்து வாசிக்கச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, திரையைப் பார்த்து, "அடேயப்பா, ஒரே பனிமூட்டம். இனிமே ஒண்ணும் தெரியாது" என்றார். நாற்காலியில் இருந்தவர் அழாத குறையாக, "எனக்கா டாக்டர்?" என்றார்.

தேசத்துக்கு வடதிசைக் குளிரையும், மாதத்துக்கு நடு குளிர்காலத்தையும் தேர்ந்தெடுத்தார். பனியைக் கொண்டே ரூட்டம்மாவைப் பணிய வைப்பது என்பது திட்டம். வானிலை தெரிந்த மனுஷருக்குத் தன் நிலை தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. மேஜை மேல் லேப்டாப்பை வைத்து, இனிமேல் வானிலை இதன் பொறுப்பு என்று அறிவித்தார்.

ரூட்டம்மா எட்டிப் பார்த்தார். "இது சொல்றதை நீங்க மாத்த முடியாதா?"

"நானே நினைச்சாலும் முடியாது. முதல்ல என்ன வருதோ அதான் சட்டம்."

"எங்களுக்கு மட்டுமா? உங்க தாடிக்காரனுக்கும் சேர்த்தா?"

"வானத்துக்கு வேண்டியவன், வேண்டாதவன்னு உண்டா என்ன?"

"டாக்டர், கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேன் சிஸ்டர்."

முதல் நாள், முதல் அமுக்கு. கடும் பனிப்பொழிவு. மலைக் கணவாய் அடைத்துக்கொண்டது. அதுதான் கோட்டை வாசலுக்குப் போகிற ஒரே பாதை. இரண்டாவது அமுக்கு. இன்னும் பனி. மச்சானின் வில்லாளிக்கு விரல் விறைத்தது. டாக்டர் மந்திரம் போட்டு நெருப்பு மூட்டப் பார்த்தார். பகடையில் இரண்டு விழுந்தது. மந்திரவாதியின் தாடிதான் பற்றிக்கொண்டது. மூன்றாவது அமுக்குக்குக் குதிரைகள் நகர மறுத்தன. கண்ணாடிக்காரர் மனசுக்குள் பின்பக்க அறையில் அலமாரி அடித்துக்கொண்டிருந்தார்.

ரூட்டம்மா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, டிப்போவில் பார்ப்பது போலவே பார்த்தார்.

"என்னங்க, நாங்க கூடாரம் போட்ட இடத்துக்குப் பக்கத்துல ஒரு கோடு போகுதே."

"ஆறு. காட்டாறு. கால் வச்சா அடிச்சுட்டுப் போயிடும்."

"எங்கேருந்து வருது?"

"கோட்டைக்குப் பின்னாடி இருக்கிற ஏரியிலேருந்து. மலையைச் சுத்திக்கிட்டு வருது." கண்ணாடிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "யானை மூழ்கற ஆழம். அந்தப் பக்கம் மதில்கூடக் கட்டலை. ஏரியே காவல்."

"அங்க காவல்காரங்க?"

"மீனுக்கு எதுக்கும்மா காவல்காரன்?"

"அதுவும் சரிதான். மூணு நாளா குளிர் எவ்வளவுன்னு மிஷினைக் கேட்டுச் சொல்லுங்க."

"பூஜ்யத்துக்குக் கீழே முப்பது!" என்று கம்பீரமாக ஆரம்பித்தவருக்கு, 'முப்பது' வெளியே வருவதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப ஆறு இன்னும் தண்ணியாவா ஓடுது?"

மச்சான் மெதுவாகச் சொன்னான். "அக்கா, உறைஞ்சிருக்கும்."

"ஆறும் உறைஞ்சாச்சு, ஏரியும் உறைஞ்சாச்சு. நம்ம முகாம்லேருந்து தாடிக்காரன் படுக்கையறை வரைக்கும் மாமா புது ரோடு போட்டுக் குடுத்திருக்கார்டா. ஒரு குழி இல்ல."

"காவல் கோபுரத்துலேருந்து பார்த்துடுவாங்க" என்றார் கண்ணாடிக்காரர். அடுத்த நாளுக்கு வெயில் வந்தால் ஏரி இளகும் என்ற நப்பாசையோடு அமுக்கினார். மூடுபனி. பத்தடிக்கு மேல் கண் தெரியாது. அவசரமாக இன்னொரு தடவை அமுக்கினார்.

"மாமா, ரெண்டு தரம் அமுக்குனீங்க."

"கை பட்டுடுச்சுடா."

"முதல்ல வந்ததுதான் சட்டம், சார்" என்றார் டாக்டர்.

"காவல்காரங்க கண்ணாடி போட்டாத் தெரியுமா?" என்று ரூட்டம்மா அக்கறையாக விசாரித்தார்.

தெரியாது என்று கண்ணாடிக்காரரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு படையே நடக்கும்போது பனிக்கட்டி தாங்குமா என்று பகடை சொல்ல வேண்டும் என்றார். எட்டுக்குக் கீழே விழுந்தால் எல்லோரும் ஏரிக்கு உள்ளே.

ரூட்டம்மா பகடையை உள்ளங்கையில் குலுக்கினார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். பகடை உருண்டது, வரைபடத்தைத் தாண்டியது, தண்ணீர்ச் செம்பில் மோதியது, மேஜை விளிம்பில் தள்ளாடியது. எழுந்து நின்று, "விழு, விழு, பெரிசா விழு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் யார் என்று பார்த்தால், கண்ணாடிக்காரர். தான் எந்தக் கட்சி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பதினேழு.

படை வழுக்கிக்கொண்டே கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. கருந்தாடி மன்னன் நாலு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். வாளை எடுக்கக் கையை வெளியே நீட்ட அவனுக்கு மனசு வரவில்லை. அப்படியே சுருட்டிக் கட்டிவிட்டார்கள்.

பின்பக்க அறை தையல் மெஷினுக்கு என்று முடிவாகி, ஆரவாரம் அடங்கிய பிறகுதான் டாக்டருக்குத் தோன்றியது. "சார், வில்லன் போயிட்டானே. அடுத்த வாரம் என்ன கதை?"

கண்ணாடிக்காரரிடம் இருந்த சரக்கெல்லாம் அந்தத் தாடிக்குள்தான் இருந்தது.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார் ரூட்டம்மா. "பெரிய பாலைவனம். நூறு வருஷமா ஒரு சொட்டு விழுந்ததில்ல. அதுக்கு நடுவுல தொலைஞ்சுபோன ஒரு நகரம். வழி யாருக்கும் தெரியாது. நானே நடத்தட்டுமா?"

டாக்டரும் மச்சானும் ஒரு மரியாதைக்குக்கூட யோசிக்கவில்லை. நாற்காலிகளை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்றார் கண்ணாடிக்காரர்.

ரூட்டம்மா லேப்டாப்பை ஆசையாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க மழையைப் பாத்துக்கோங்க."