பீலிக்ஸுக்கு ஏற்ற பலகை

ஓர் இனம் நாகரிகமடைந்துவிட்டது என்பதற்கு உலகம் ஒப்புக்கொள்ளும் ஒரே அத்தாட்சி, அது மலையுச்சியிலிருந்து காரணமில்லாமல் வழுக்கி இறங்கக் கற்றுக்கொள்வதுதான். இந்த உண்மையை 1987 மார்கழியில், ஜெர்மனியின் எசன் நகரத் தமிழர் உயர்வுச் சங்கம் ஏகமனதாகக் கண்டுபிடித்தது. ஏகமனது என்றால் செயலாளர் விமலநாதனின் மனது.

பீலிக்ஸ் அன்றைக்குச் சங்கத்துக்குப் போனது வேறு அலுவலாக. மன்னாரிலிருந்து வந்து எட்டு மாதம். அகதி விடுதியில் ஐந்து பேரோடு ஓர் அறை. தை மாதம் தஞ்ச விசாரணைக்கு டெர்மின் என்று திகதி வந்திருந்தது. ஊரில் தனக்கு நடந்ததை யாராவது டொச் மொழியில் எழுதித் தந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தான்.

"எழுதலாம் தம்பி," என்றார் விமலநாதன். "ஆனா அழுகையை எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். இவன் எங்களோட சேருவானோ எண்டுதான் டொச்சுக்காரன் பாக்கிறான். இப்ப ஸ்னோபோர்ட் எண்டு, பலகையில நிண்டு பனியில வழுக்கிற புது விளையாட்டொண்டு வந்திருக்கு. எங்கட ஆக்களில முதல் ஆள் நீங்கள்தான்."

"அண்ணை, எனக்குப் பனியில நடக்கவே ஏலாது. இந்தக் கன்வஸ் சப்பாத்துத்தான் கிடக்கு."

"நடக்கச் சொன்னனானே? வழுக்கத்தானே சொல்லுறன்."

உடனடியாக 'உபகரணத் தெரிவு உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பயனாளி என்று மூன்று பதவிகள். முதல் இரண்டையும் விமலநாதன் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். குழு மூன்று முறை கூடியது. தொடக்கநிலையாளரின் பலகை அவருடைய நாடிவரை உயர வேண்டுமா, மூக்குவரை உயர வேண்டுமா என்பதே முதல் இரண்டு கூட்டங்களின் பொருள். பீலிக்ஸைச் சுவரோடு நிறுத்தி இரண்டு இடத்திலும் கோடு கீறினார்கள். மூன்றாவது கூட்டத்தில் நாடி வென்றது. பலகையை வாங்கித் தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. அவர்களிடம் நிதி ஒதுக்க 'ஒருங்கிணைப்பு' என்றொரு தலைப்பு இருந்தது. 'குளிர்காலச் சப்பாத்து' என்றொரு தலைப்பு இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் விளையாட்டுப் பொருட் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் லெஹ்னர் நல்ல மனிதர். புதுசாகப் பழகுகிறவருக்கு விறைப்பான பலகை கூடாது, வளைந்து கொடுப்பதே நல்லது என்றார். விமலநாதன் அதைக் குறித்துக்கொண்டார். வளைந்து கொடுக்கும் பொருட்களில் அவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. சப்பாத்தைப் பலகையோடு பூட்டிக் காட்டினார்கள். பீலிக்ஸின் கால்விரல்கள் நசுங்கின. "இறுக்கம்தான் பாதுகாப்பு," என்று விமலநாதன் மொழிபெயர்த்தார்.

கடைசியாக ஒரு சோதனை. எந்தக் கால் பலகையில் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பதை அறிய, ஆளுக்குச் சொல்லாமல் பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவார்கள். எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாரோ, அதுவே முன்கால். பீலிக்ஸின் பூட்டைக் கழற்றிவிட்டு, லெஹ்னர் பின்னால் போய் நின்று, பிடரிக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினார்.

பீலிக்ஸ் எந்தக் காலையும் எடுத்து வைக்கவில்லை. குப்புற விழுந்தான். இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு, முகத்தைக் கம்பளத்தில் அழுத்தி, அசையாமல் கிடந்தான். அடுத்த சத்தம் எப்போது கேட்கும் என்று அவன் காது காத்திருந்தது.

"எழும்புங்கோ தம்பி, ஆக்கள் பாக்கினம்!"

"தள்ளினா உடன படுக்கோணும் அண்ணை," என்று கம்பளத்துக்குள்ளிருந்தே சொன்னான். "பதினொரு பேரை ஆமிக்காரங்கள் கடற்கரையில வரிசையா விட்டவங்கள். படுத்த ஆக்களைத்தான் சுடாம விட்டவங்கள். என்ர தம்பி படுக்கேல்ல. ஓடப் பாத்தவன். இதைத்தான் அண்ணை டொச்சில எழுதித் தரச் சொல்லிக் கேட்டனான்."

லெஹ்னர் வெளிறிப்போய் நின்றார். "என்ன சொல்கிறார்?"

"உங்கட கம்பளம் நல்ல மெத்தெண்டு இருக்காம்," என்று விமலநாதன் டொச்சில் சொன்னார்.

உபகுழுவின் அறிக்கையில் 'முன்கால்' என்ற இடத்தில் 'இரண்டும் இல்லை' என்று பதியப்பட்டது.

சரிவுகளுள்ள மலை அடுத்த மாவட்டத்தில் இருந்தது. அகதி எசன் எல்லையைத் தாண்டினால் குற்றம். எல்லைக்குள் பனி உண்டு, சரிவு இல்லை. இந்தச் சிறு குறையைச் சங்கம் பொருட்படுத்தவில்லை. கடைச் சுவரில் ஒட்டியிருந்த பனிமலைப் படத்துக்கு முன்னால் பலகையோடு பீலிக்ஸை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தான்.

சொன்ன சொல் தவறாத விமலநாதன் கடிதமும் எழுதினார். நாலு பக்கம். மூன்று பக்கத்தில் சங்கத்தின் வரலாறு, ஒரு பக்கத்தில் பலகை. படத்தையும் இணைத்தார். டொச் தெரியாத பீலிக்ஸ் அதை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோனான். விசாரணையில் தம்பியின் பெயரைச் சொல்லும்போது நா எழவில்லை. "எல்லாம் இதில எழுதிக் கிடக்கு," என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை நீட்டினான்.

பங்குனியில் முடிவு வந்தது. பீலிக்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு ஓடினான். விமலநாதன் கண்ணாடியை மாட்டி, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். விண்ணப்பதாரர் படத்தில் மகிழ்ச்சியாகக் காணப்படுகிறார். உயிருக்கு அஞ்சுவதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அன்ட்ராக், அதாவது தஞ்ச விண்ணப்பம், நிராகரிக்கப்படுகிறது. நாலு கிழமைக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

பீலிக்ஸ் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

விமலநாதனின் குரல் தழுதழுத்தது. "தம்பி, இஞ்ச பாருங்கோ. ரெண்டாம் பந்தி. 'தமிழர் உயர்வுச் சங்கம்.' டொச் அரசாங்கக் கடிதத்தில எங்கட பேர் வாறது இதுதான் முதல் தரம். ஒரு எழுத்துப் பிழை இல்லை! இதைப் பிரேம் போட்டு மாட்டோணும். மூலப் பிரதியைச் சங்கத்துக்குத் தருவீங்களே?"

"ஓம் அண்ணை," என்றான் பீலிக்ஸ். "எனக்கு நாலு கிழமைக்குத்தான் தேவை."