வயலின் மட்டும் ஏறிய பஸ்

பஸ்ஸில் இடம் பிடிப்பது வேறு, பஸ்ஸில் ஏறுவது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பியே நான் பாதி ஆயுளை ஓட்டியிருக்கிறேன்.

கல்லூரி நாட்களில் கண்டமங்கலத்துக்குத் திரும்ப தினமும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பஸ் உள்ளே திரும்பும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ டிபன் பாக்ஸையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். பிறகு நிதானமாக ஏறி, சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போய் உட்காரலாம். ஒருவர் பொருள் கிடக்கிற சீட்டில் இன்னொருவர் உட்கார மாட்டார். (ஹெல்மெட் போடச் சொன்னால் கேட்காதவர்கள்கூட இந்தச் சட்டத்தை மதிப்பார்கள்.) இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை இப்போதும் அடக்கமில்லாமல் சொல்வேன்.

என் மனைவி ஸ்டெல்லா மாதாகோயில் பாடல் குழுவில் வயலின் வாசிப்பவள். பூசையைத் தவிர வேறு எங்கும் வாசித்ததில்லை. அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. திண்டிவனத்தைத் தாண்டி, மரக்காணம் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், சவுக்குத் தோப்புக்குள் இசை விழா. பறை, கிடார், கானா எல்லாம் உண்டு. ஒரு குழுவோடு சேர்ந்து பொழுது சாய்வதற்கு முன் இவள் வாசிக்க வேண்டும். சோறு வேகிற நேரத்தில்கூட சமையலறையில் நின்று பயிற்சி செய்தாள். இத்தனை ஆசையாக அவள் வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"திண்டிவனத்துலேர்ந்து ஆட்டோ வெச்சிக்கினு போய்டலாங்க. கூட்டத்துல வயலின தூக்கிக்கினு ஏற்றது பேஜாரு" என்றாள்.

"எங்கிட்டயே பஸ்ஸப் பத்தி பேசுறியா? நீ பாட்டுக்கு வா, நான் பாத்துக்கிறேன்."

திண்டிவனம் வரைக்கும் பழுதில்லை. அங்கிருந்து அந்தக் கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸுக்குத்தான் ஊரே காத்திருந்தது. சந்தைக்கு வந்த பெண்கள், தலையில் துணி கட்டிய பையன்கள், தோளில் கிடாரோடு சிலர். பஸ் திரும்பியது. நான் ஓடினேன். கையில் துண்டு இருந்தது. ஆனால் இவ்வளவு கூட்டத்தில் துண்டு எடுபடாது, கனமாக ஏதாவது போட்டால்தான் மரியாதை என்று தோன்றியது. பின்னாலேயே ஓடிவந்த ஸ்டெல்லாவின் கையிலிருந்த வயலின் பெட்டியைப் பிடுங்கினேன். வாகாகச் சாய்த்து ஜன்னலுக்குள் நுழைத்து, சீட்டின்மேல் அழகாகப் படுக்க வைத்தேன்.

"எப்படி?" என்று அவளைப் பார்த்தேன். (அப்போதைய என் முகத்தில் நானே ஓர் அறை விட்டிருக்க வேண்டும்.)

வாசலுக்கு வந்தால், வாசலைக் காணோம். படியிலேயே ஏழெட்டுப் பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகில் தட்டி, "அண்ணே, உள்ள எங்க சீட்டு இருக்குது" என்றேன்.

"சீட்டு இருக்கட்டும்பா. கால வெக்க எடம் இருக்குதா பாரு" என்றார் ஒருவர்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

ஸ்டெல்லா கத்தவில்லை. "வயலின் போய்க்கினு இருக்குதுங்க" என்றாள், யாரோ தெரிந்தவரை வழியனுப்புவதுபோல. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் டைம்கீப்பரிடம் ஓடினேன். அடுத்த பஸ் இருட்டிய பிறகுதானாம். வயலின் உடையாமல் போகுமா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் எல்லாரும் காலையிலேயே விழாவுக்குச் சவாரி போய்விட்டிருந்தார்கள்.

கடைசியில் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய ஒரு குட்டி யானை லோடு வண்டி கிடைத்தது. முன்னால் டிரைவரும் அவர் குடும்பமும். நாங்கள் பின்னால், மூட்டைகளின் மேல். பட்டுப்புடவையில் செம்மண் ஏறிக்கொண்டே வந்தது. வழியில் ஒருமுறை, "ஒண்ணும் ஆவாதும்மா" என்றேன். "நீங்க பேசாம வாங்க" என்றாள்.

தோப்பை நெருங்கும்போதே மைக் கேட்டது. "வயலின் வந்துவிட்டது. வாசிப்பவர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்."

ஸ்டெல்லா வண்டி நிற்பதற்குள் குதித்தாள். மேடைக்குப் பக்கத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சந்தைக் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"ஒன்னுதாம்மா? வழியெல்லாம் நின்னுக்கினே வந்தோம். யாரோ சீட்டு போட்டுக்கிறாங்க, நாம எப்படி ஒக்கார்றதுன்னு வுட்டுட்டோம். பள்ளத்துல உருள பாத்துது, அதான் கையால அழுத்திக்கினே வந்தேன். யாரும் வந்து எடுக்கல, விழாவுக்குத்தான் இருக்கும்னு இங்க கொண்டாந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

நெரிசலில் பிதுங்கிய பஸ்ஸில், அத்தனை பேரும் நின்றுகொண்டு, ஒரு பெட்டியை மட்டும் உட்கார வைத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தலையில் ஒட்டிய மல்லாட்டைத் தூசியைக்கூடத் தட்டாமல் மேடை ஏறினாள். பறைக்கு நடுவில் அவள் வயலின் எழுந்தபோது பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் முதலில் கை தட்டியது அந்தக் கூடைக்கார அம்மாதான். அடுத்த வருட விழாவுக்கும் அன்றே ஸ்டெல்லாவைப் பேசி வைத்துவிட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கியவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "திரும்பிப் போவறது ஆட்டோலதான்."

இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தப் புது உறவு வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் என் மாமியார் ஆரம்பித்துவிடுவார். "எங்க மாப்ள பயங்கர கெட்டிக்காரருங்க. வயலினுக்கு சீட்டு புடிச்சி சொகமா அனுப்பி வெச்சாரு. எம் பொண்ணதான் மூட்டையோட மூட்டையா ஏத்திக்கினு போனாரு."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சீட்டு பிடித்தேன் என்பதை மட்டும் இன்றுவரை ஒருவரும் மறுத்ததில்லை.