வகுப்புக்கு வராத பிள்ளைகளும் கல்யாணத்துக்கு வராத தாய்மாமனும்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய என் அக்கா கனிம்பூபூவுக்கு, கணவாய்க்கு இந்தப் பக்கமிருந்து உன் தம்பி தாஷ்போலோத் தலைதாழ்த்தி எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவின் இருமல் குறைந்ததா? பசு கன்று போட்டதா? ஆடுகளுக்கு வைக்கோல் போதுமா? இங்கே நானும் குதிரையும் நலம். குதிரை என்னைவிடச் சற்றுக் கூடுதல் நலம்.

நீ லாரி டிரைவரிடம் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. அந்தப் பாவி ஒரு வார்த்தை குறைக்காமல், உன் குரலிலேயே, கடைவாசலில் பத்துப் பேர் முன்னால் சொன்னான். "ஒத்தப் பொண்ணு கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரல. செத்துட்டான்னா சொல்லச் சொல்லு, அழுது முடிச்சுக்கறேன். உசுரோட இருந்தா காரணத்த எழுதச் சொல்லு." உயிரோடுதான் இருக்கிறேன் அக்கா, அதனால் எழுதுகிறேன். வருஷம் முழுக்கப் பிள்ளைகளை நிறுத்திவைத்து 'நேத்து ஏன் வரல' என்று கேட்கிறவன் நான். அதே கேள்வி என் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நடந்தது இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. மேல்மேய்ச்சலிலிருந்து மந்தை இறங்கும்வரை வராத பிள்ளைகள் பாதி, உருளைக்கிழங்கு தோண்டப் போனவர்கள் மீதி, காரணமே இல்லாமல் வராதவர்கள் அதற்கு மேல். மாவட்டத்திலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது, இப்படியே போனால் மேல்வகுப்புகளை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கணவாய் தாண்டி விடுதிக்கு அனுப்பிவிடுவார்களாம். தலைமையாசிரியை அசில்கான் அம்மா என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க தனிக்கட்டை, குதிரை வேற இருக்கு. வீடு வீடாப் போய் ஒவ்வொண்ணா இழுத்துட்டு வாங்க" என்றார். போனேன். உனக்குத் தெரியாததா, நம்மவர்கள் வீட்டில் ரொட்டியைத் தொடாமல் படி இறங்க விடுவார்களா? ரொட்டி என்றால் ரொட்டி மட்டுமா, வெண்ணெய், ஜாம், பொரித்த மாவுருண்டை, கிண்ணம் கிண்ணமாகத் தேநீர், புளித்த குதிரைப்பால். "பையன் நாளைக்கு வருவான் சார், நீங்க இன்னும் ஒரு கிண்ணம் குடிங்க." இப்படி நான்கு வீடு ஏறி இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் பள்ளி விட்டிருக்கும். ஒருநாள் அசில்கான் அம்மா வாசலில் நின்றார். "பிள்ளைங்க கொஞ்சங்கொஞ்சமா வர ஆரம்பிச்சாச்சு சார். அதுங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளத்தான் காணோம்."

எல்லோரும் ஒருவழியாக வந்தும் புருல்சா மட்டும் பிடிபடவில்லை. கெங்கேஷின் மகள், ஏழாம் வகுப்பு. காலையில் வருவாள், யாருக்கும் வராத கணக்குக்கு விடை சொல்வாள், மூன்றாம் பாடவேளை மணி அடித்தால் ஆள் இருக்கமாட்டாள். கேட்டால் வயிற்றுவலி. கதவருகே நான் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக இறங்கிப் போனாள். அப்பனைக் கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்குத்தானே சார் அனுப்பறேன். ஆடு தொலைஞ்சா தேடலாம், இவள எங்க போய்த் தேட?" என்றான். அவன் மனைவி சைராகுல் மாஸ்கோவில் ஏதோ கிடங்கில் இராவேலை பார்க்கிறாள், போய் நாலாவது குளிர்காலம்.

ஒருநாள் குதிரையில் பின்தொடர்ந்தேன். கல்லறைகளுக்கு மேலே இருக்கும் குன்றுக்கு ஏறினாள். ஊரிலேயே அங்கேதான் சிக்னல் எடுக்கும். ஒரு பாறைமேல் நின்று, போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள். மாஸ்கோவில் அம்மா வேலை முடிந்து வரும் நேரம், இங்கே எங்களுக்கு மூன்றாம் பாடவேளை. "தலைய வாரினியா? திரும்பு, பின்னலக் காட்டு" என்று போனில் அம்மாவின் குரல் கேட்டது. இவள் திரும்பி நின்று போனைத் தோளுக்குப் பின்னால் பிடித்தாள். அப்போது பார்த்து இந்தக் குதிரை கழுத்தை நீட்டிற்று.

"யாருடி அது, குதிரை மூஞ்சி?"

"எங்க கணக்கு சாரும்மா."

"சாரா? இப்பப் பள்ளிக்கூட நேரமில்ல?"

புருல்சா என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. போனில் தெரிந்த முகமோ தூக்கமில்லாமல் வீங்கிக் கிடந்தது. "இதுவும் வகுப்புதான் தாயி. குன்றோட உயரத்த அளக்க வந்தோம்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப நல்லா அளங்க சார்" என்றாள் சைராகுல்.

மனம் கேட்காமல் அசில்கான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பில் கரி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "பொய் சொன்னது நீங்க. அத உண்மையாக்கறது என் பொறுப்பு." மறுநாளிலிருந்து மேல்வகுப்புகளுக்கெல்லாம் மூன்றாம் பாடம் குன்றின்மேல். ஓட்டம், தாவல், நிழலை வைத்து உயரம் அளக்கிற கணக்கு. நடுவில் யாருடைய போன் அடித்தாலும் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வரலாம். இந்த ஊரில் எத்தனை பேருக்கு அம்மாவோ அப்பாவோ தூரத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. அதற்கப்புறம் எந்த வீட்டுப் படியும் நான் ஏறவில்லை. ஒருவர்கூட விடாமல் வருகிறார்கள்.

இனி கல்யாண நாள். குதிரைக்குச் சேணம் போட்டு, உன் மகளுக்கு வாங்கிய கம்பளத்தைக் கட்டி, புதுத் தொப்பியும் வைத்துக்கொண்டு, அசில்கான் அம்மாவிடம் விடைபெறலாம் என்று பள்ளி வாசலுக்கு வந்தேன். ஜீப் ஒன்று நின்றது. மாவட்டத்து மேற்பார்வையாளர் எசென்பாய், முன்னறிவிப்பில்லாமல். வகுப்பு வகுப்பாகத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார், ஓர் ஈ காக்கா இல்லை.

"பிள்ளைங்க எங்கய்யா?"

"மலைமேல சார்."

"வாத்தியார் எங்க?"

"குதிரைமேல சார்."

அவர் சிரிக்கவில்லை. 'ஒருவரும் இல்லை' என்று எழுதப்போனார். அவர் போட்டிருந்தது வழுக்குகிற பட்டணத்து ஷூ. அவரைக் குதிரைமேல் ஏற்றி, கம்பளத்தின்மேலேயே உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துப் போனேன். அங்கே அசில்கான் அம்மா ஊதல் ஊத, ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. புருல்சாவின் போனிலிருந்து சைராகுல் இவருடைய டையைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, நீங்க பெரிய அதிகாரி மாதிரி இருக்கீங்க. எம்பொண்ணு ஒழுங்கா வர்றாளா?"

அவர் பேனாவைத் திறந்தபடி இருந்தார். மூடினார். "நான் வந்தன்னிக்கு இருந்தாம்மா" என்றார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்த் தன் போனை எடுத்தார். அவருக்கும் தூரத்துக் கசான் நகரத்தில் ஒரு மகன் இருக்கிறானாம். "அப்பாதான்டா. ஒண்ணுமில்ல. இங்க சிக்னல் கிடைச்சுது, அதான்." அதற்குமேல் பையன்தான் பேசிக்கொண்டிருந்தான் போல. நாங்கள் எல்லோரும் நிழலை அளப்பதாகக் குனிந்துகொண்டோம்.

கீழே வந்தால் குளிரில் ஜீப் கிளம்பவில்லை. பெரிய சாலைவரை போக என் குதிரையைக் கேட்டார். மேல்வகுப்புகளை மூடவேண்டாம் என்று எழுதித் தருவதாகச் சொன்ன மனிதருக்கு எப்படி இல்லையென்பது? குதிரையோடு கம்பளமும் போயிற்று, கல்யாணமும் போயிற்று. குதிரை பிறகு தானாக வீடு வந்துசேர்ந்தது. கம்பளத்தை அவர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இதுதான் அக்கா காரணம். ஏற்றுக்கொண்டால் சொல்லியனுப்பு, இல்லையென்றால் நேரில் வந்து காதைத் திருகு.

என் மருமகளின் அடுப்பு அணையாதிருக்கட்டும். வாசலில் குதிரைகள் கட்ட இடம் போதாதிருக்கட்டும். பத்துப் பிள்ளை பெறட்டும், பத்தும் பள்ளிக்கூடம் போகட்டும். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
தாஷ்போலோத்

பி.கு.: 'ஒருவர்கூட விடாமல்' என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசி. கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. இந்த வாரம் புருல்சா பள்ளிப் பக்கமே வரவில்லை. கூட்டிவரலாம் என்று போனேன். ஜன்னலில் பார்த்தால் சைராகுல் மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள், மகள் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். தட்டாமல் திரும்பிவிட்டேன். "என்ன சார், வர்றாளா?" என்று அசில்கான் அம்மா கேட்டார். "வீட்ல யாரும் இல்லைங்க" என்றேன். "அப்படியா," என்றார் அவர். "ஊருக்கே தெரியும் அவ அம்மா வந்தது. சரி, இன்னும் ஒரு வாரம் அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க."